கரண்ட் போன ஊரில் பட்டியலை யார் எழுதுவது?

(ஒலிப்பதிவிலிருந்து எழுதப்பட்டது. படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

உலகம் அழியிற கதைகளைப் பத்தி ஒரு எபிசோடு போடுங்கன்னு ரொம்ப நாளா கேட்டுக்கிட்டு இருக்கீங்க. இன்னிக்குப் பேசிடலாம். ஆனா ஜாம்பி கிடையாது, ஏலியன் கிடையாது, விண்கல் கிடையாது. இன்னிக்குப் பேசப்போற கதைகள்ல நடக்கிறது ஒண்ணே ஒண்ணுதான். கரண்ட் போகும். திரும்ப வராது. அதுக்கப்புறம் ஒரு சின்ன ஊர் என்ன செய்யுது, அதுதான் கதை.

மூணு நாவல்களைப் பத்திப் பேசப்போறேன். மூணுக்கும் ஸ்பாய்லர் உண்டு. முடிவு தெரிஞ்சா படிக்கப் பிடிக்காதுங்கறவங்க இப்பவே நிறுத்திட்டு, படிச்சுட்டு வாங்க. எபிசோடு எங்கேயும் போயிடாது.

எனக்கு இந்தக் கதைகள் மேல ஆர்வம் வந்ததுக்கு ஒரு சொந்தக் காரணம் இருக்கு. அதை முதல்ல சொல்லிடறேன்.

2016 டிசம்பர் 12, வர்தா புயல். சென்னையில இருந்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும். எங்க தெருவுல மட்டும் ஏழு மரம் சாய்ஞ்சுது. கரண்ட் வர அஞ்சு நாள் ஆச்சு. முதல் நாள் ராத்திரி ஜாலியாத்தான் இருந்துச்சு. மெழுகுவத்தி, மொட்டை மாடி, பழைய கதைன்னு போச்சு. மறுநாள் காலையில இன்வெர்ட்டர் செத்துப்போச்சு, போன்ல சிக்னல் இல்லை. அப்போதான் அம்மா ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்துட்டு மெதுவா கேட்டாங்க: "டேய், இன்சுலின் கெட்டுடுமாடா?"

அப்போ தினமும் ரெண்டு வேளை ஊசி போட்டுக்கிட்டு இருந்தாங்க. புதுசா வாங்கின ஒரு மாசத்து மருந்து ஃபிரிட்ஜுக்குள்ள. ஐஸ் தேடி நான் நாலு கிலோமீட்டர் நடந்தேன், எங்கேயும் கிடைக்கலை. வெறும் கையோட திரும்பி வரும்போது எங்க தெருவுல ஒரே ஒரு கடை வழக்கம்போல நடந்துக்கிட்டு இருந்துச்சு. இஸ்திரி வண்டி. கரிப்பெட்டிக்குக் கரண்ட் எதுக்கு? அந்த அக்கா என் மூஞ்சியைப் பார்த்துட்டு என்னன்னு கேட்டாங்க. சொன்னேன். சிரிச்சாங்க.

"எங்க வீட்டுல ஃபிரிட்ஜே கிடையாது கண்ணு. எங்க மாமியாருக்குப் பெரிய ஆஸ்பத்திரியில குடுக்கிற ஊசி மருந்தை நாங்க பானையிலதான வெச்சிருக்கோம்."

சாயங்காலம் ஒரு மண்பானையோட வந்தாங்க. ஒரு பேசின்ல மணலைக் கொட்டி, பானையை அது மேல வெச்சு, மணலை நனைச்சுக்கிட்டே இருக்கணும்னு அம்மாவுக்குக் காட்டிக் குடுத்தாங்க. மருந்தை ஒரு டப்பாவுல போட்டுப் பானைக்குள்ள இறக்கினோம். டிசம்பர் மாசம்ங்கறதால நாங்க பயந்த அளவுக்கு ஆபத்து இல்லைன்னு டாக்டர் அப்புறம் சொன்னார். பெரும்பாலான இன்சுலின் சாதாரண அறை வெப்பத்துல நாலு வாரம் வரைக்கும் தாங்கும். ஆனா அது எங்களுக்கு அன்னிக்குத் தெரியாது.

அந்த அஞ்சு நாள்ல இன்னொண்ணும் நடந்துச்சு. அதைக் கடைசியில சொல்றேன். இப்போ நாவல்களுக்குப் போகலாம்.

முதல் நாவல் 1959-ல வந்தது. பாட் ஃபிராங்க் எழுதின 'அலாஸ், பாபிலோன்'. அமெரிக்காவுல ஃபுளோரிடா மாநிலம், ஃபோர்ட் ரிப்போஸ்னு ஒரு கற்பனை ஊர். ஆத்தங்கரை, ஆரஞ்சுத் தோப்புகள், ஒரு நூலகம், ஒரு வங்கி. சோவியத் யூனியனோட அணு ஆயுதப் போர் மூளுது. பக்கத்துப் பெரிய நகரமான ஆர்லாண்டோ அழியுது. அதோட ஊருக்கு வர்ற மின்சாரமும் போயிடுது.

பனிப்போர் காலத்துக் கதைங்கறதால குண்டு, கதிர்வீச்சு எல்லாம் உண்டு. ஆனா இன்னிக்குப் படிக்கும்போது மனசுல நிக்கிறது அதெல்லாம் இல்லை. குழாய்தான். கரண்ட் இல்லைன்னா பம்ப் இல்லை, பம்ப் இல்லைன்னா தண்ணி இல்லை. கதாநாயகன் ராண்டி பிராக், வசதியான வெள்ளைக்காரக் குடும்பத்துப் பையன். அவனுக்குத் தாமதமா ஒண்ணு உறைக்குது: பக்கத்துல இருக்கிற ஹென்றி குடும்பத்து வீட்டுல மட்டும் தண்ணி வந்துக்கிட்டு இருக்கு. காரணம் ஆர்ட்டீசியன் ஊற்று. பூமிக்குள்ள இருக்கிற அழுத்தத்தாலேயே தண்ணி தானா மேல ஏறி வரும், மோட்டார் தேவையில்லை. தோப்புக்குப் பாய்ச்சறதுக்காக எப்பவோ போட்டது.

ஹென்றி குடும்பம் கறுப்பினக் குடும்பம். 1959-ல அமெரிக்காவோட தென் மாநிலங்கள் எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடம் தனி, பஸ்ஸுல சீட்டு தனி, குடிக்கிற குழாய்கூடத் தனி. அந்த ஊர்ல இப்போ தண்ணி, பன்றி, கோழி, ஏர் இழுக்கிற கோவேறு கழுதை எல்லாம் இருக்கிறது ஹென்றி வீட்டுல. கரண்ட் போன ஒரே நாள்ல யார் யாரை நம்பி இருக்காங்கங்கறது தலைகீழா மாறுது. வெள்ளைக்கார வீடுகளுக்கு அங்கேருந்து குழாய் போட்டுத் தண்ணி கொண்டு வர்றாங்க.

எனக்கு இந்த நாவல் மேல ஒரு குறை உண்டு. அந்தக் காலத்துக்கு இது தைரியமான எழுத்துதான், ஒத்துக்கறேன். ஆனா ஹென்றி குடும்பத்து மலக்காய் மனசுக்குள்ள என்ன ஓடுதுன்னு புத்தகம் நமக்குச் சொல்றதே இல்லை. பெரும்பாலும் ராண்டி கண்ணு வழியாத்தான் பார்க்கறோம். ஊரைக் காப்பாத்தப் போற இடத்துல உயிரை விடறது மலக்காய்தான். கதை ஒரு பெருமூச்சு விட்டுட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போயிடுது.

இன்னொரு விஷயம், உப்பு. சில மாசங்கள்ல ஊர்ல உப்பு தீர்ந்துடுது. உப்பு இல்லைன்னா இறைச்சியைப் பதப்படுத்த முடியாது, உடம்பும் தாங்காது. உப்பு எங்கே கிடைக்கும்ங்கறதை ராண்டி தன்னோட முன்னோர் ஒருத்தர் எழுதி வெச்ச பழைய குறிப்பேட்டுல தேடிக் கண்டுபிடிக்கிறான். யாருமே எட்டிப் பார்க்காத ஊர் நூலகம் திடீர்னு நிரம்பி வழியுது. நூலகர் ஆலிஸுக்கு அவங்க வாழ்க்கையில அதுதான் பரபரப்பான காலம். அந்தப் பகுதியைச் சிரிச்சுக்கிட்டேதான் படிச்சேன்.

ஆனா அதே நாவல்ல, அதிகம் பேசாத ஒரு பாத்திரம் இருக்கு. லவீனியா மெக்கவர்ன், ராண்டி விரும்பற பொண்ணோட அம்மா. அவங்களுக்குச் சர்க்கரை நோய். ஃபிரிட்ஜ் நின்னுது, மருந்து தீர்ந்துது, செத்துப்போறாங்க. ரெண்டு மூணு பக்கத்துல முடிஞ்சுடுது. என்னால அந்தப் பக்கங்களைத் தாண்டிப் போக முடியலை. ஏன்னு உங்களுக்குத் தெரியும்.

சரியா ஐம்பது வருஷம் கழிச்சு, 2009-ல, அந்த ரெண்டு மூணு பக்கத்தை ஒருத்தர் ஒரு முழு நாவலா விரிச்ச மாதிரி ஒரு புத்தகம் வந்துச்சு. வில்லியம் ஃபோர்ஸ்ட்சென் எழுதின 'ஒன் செகண்ட் ஆஃப்டர்'. இடம் பிளாக் மவுண்டன், வட கரோலினா மாநிலத்துல நிஜமாவே இருக்கிற ஒரு சின்ன மலையூர். ஜான் மாதர்சன் கல்லூரிப் பேராசிரியர், முன்னாள் ராணுவ அதிகாரி, மனைவியை இழந்தவர், ரெண்டு பெண் குழந்தைகள். சின்னவ ஜெனிஃபருக்கு டைப் 1 நீரிழிவு. அவளோட 12-வது பிறந்தநாள் அன்னிக்கு நெடுஞ்சாலை இரைச்சல் சட்டுன்னு நின்னு போகுது. கார், லாரி எல்லாம் அப்படியே நிக்குது. மாமியாரோட பழைய எட்செல் கார் மட்டும் ஓடுது, அதுல எலெக்ட்ரானிக்ஸ் கிடையாது.

காரணம் ஈஎம்பி. அதாவது மின்காந்தத் துடிப்பு. வளிமண்டலத்துக்கு மேல அணுகுண்டு வெடிச்சா உண்டாகற ஓர் அலை, கீழே இருக்கிற மின்கம்பிகளையும் கருவிகளையும் தாக்கும். இது முழுக் கற்பனை இல்லை. 1962 ஜூலையில அமெரிக்கா பசிபிக் கடலுக்கு மேல சுமார் 400 கிலோமீட்டர் உயரத்துல ஒரு குண்டை வெடிச்சுப் பார்த்துச்சு. அந்தச் சோதனைக்கு 'ஸ்டார்ஃபிஷ் பிரைம்'னு பேர். அங்கேருந்து 1,400 கிலோமீட்டருக்கு மேல தள்ளி இருக்கிற ஹவாயில தெருவிளக்குகள் அணைஞ்சுது. சூரியனும் இதே மாதிரி வேலையைச் செய்யும். 1989 மார்ச்சுல ஒரு சூரியப் புயலால கனடாவோட கியூபெக் மாநிலம் முழுக்க ரெண்டு நிமிஷத்துக்குள்ள இருட்டாச்சு. 60 லட்சம் பேர், ஒன்பது மணி நேரம்.

அதே சமயம், எல்லா காரும் அப்படியே செத்துப்போகும்னு நாவல் சொல்றதை நம்ப வேண்டாம். அமெரிக்க நாடாளுமன்றம் அமைச்ச ஒரு ஆணையம் கார்களை வெச்சே சோதனை பண்ணிப் பார்த்துச்சு. பெரும்பாலானது ஓடிக்கிட்டே இருந்துச்சு, நின்னுபோன சிலதையும் திரும்ப ஸ்டார்ட் பண்ண முடிஞ்சுது. நிஜமான ஆபத்து வேற இடத்துல. மின் கட்டமைப்புல இருக்கிற ராட்சச டிரான்ஸ்ஃபார்மர்கள் ஒவ்வொண்ணும் நூத்துக்கணக்கான டன் எடை. ஒண்ணு செய்யவே ஒரு வருஷத்துக்கு மேல ஆகலாம். கடையில ஸ்டாக்குல இருக்காது.

இந்தப் புத்தகத்துக்கு முன்னுரை எழுதினவர் நியூட் கிங்ரிச். அமெரிக்க பிரதிநிதிகள் சபையோட முன்னாள் சபாநாயகர், குடியரசுக் கட்சிக்காரர். ஆக இது கதை மட்டுமில்லை, ஒரு அரசியல் எச்சரிக்கையும்கூட. அதனால பாத்திரங்கள் அங்கங்கே நின்னு லெக்சர் எடுப்பாங்க. பொறுத்துக்கணும்.

பொறுத்துக்கிட்டா கிடைக்கிறது இதுதான்: ஒரு ஊர் படிப்படியா ஒரு பட்டியலா மாறுது. நெடுஞ்சாலையில ஆயிரக்கணக்குல ஜனங்க நடந்து வர்றாங்க. ஊர் எல்லையில தடுப்பு போடறாங்க. யாரை உள்ளே விடறது? டாக்டரா, நர்ஸா, இயந்திர வேலை தெரிஞ்சவரா, விவசாயியா, வாங்க. மத்தவங்களைத் துணைக்கு ஆள் போட்டு ஊரைக் கடக்க வெச்சு அந்தப் பக்கம் அனுப்பிடறாங்க. மகாலான்னு ஒரு பொண்ணு, நெடுஞ்சாலையில கார் நின்னு மாட்டிக்கிட்டவ. ஊர்க்காரங்க முதல்ல சந்தேகத்தோடதான் பார்க்கறாங்க. நர்ஸுன்னு தெரிஞ்சதும் அவ ஊரோட முதுகெலும்பு ஆயிடறா. அதே ரோட்டுல வந்த ஒரு கணக்காளருக்கோ, என்னை மாதிரி பாட்காஸ்ட் பண்றவனுக்கோ என்ன ஆகியிருக்கும்? யோசிச்சுப் பார்த்தேன். தடுப்புக்கு அந்தப் பக்கம்தான்.

உள்ளேயும் பட்டியல்தான். காவல் காக்கிற கல்லூரிப் பசங்களுக்கும், கடுமையா உடம்பை வருத்தறவங்களுக்கும் ரேஷன் கொஞ்சம் கூட. மத்தவங்களுக்குக் கம்மி. முதியோர் இல்லத்துல இருக்கிறவங்க முதல்ல போறாங்க. மாதர்சன் நல்லவர், சந்தேகமே இல்லை. ஆனா மருந்துக்கடையில கூட்டம் கத்திக்கிட்டு இருக்கும்போது தன்னோட செல்வாக்கைப் பயன்படுத்தி மகளுக்கான இன்சுலினை வாங்கிக்கிட்டு வர்றவரும் அவர்தான். அதே ஊர்ல இன்சுலின் தேவைப்பட்ட மத்தவங்க? அந்தக் கேள்வியை நாவல் கேட்டுட்டு வேகமா நகர்ந்துடுது. அவர் இடத்துல நான் இருந்திருந்தாலும் அதையேதான் செஞ்சிருப்பேன், இதுல பொய் சொல்ல ஒண்ணுமில்லை.

குளிர்சாதனம் இல்லாததால மருந்தோட வீரியம் குறையுது. அளவைக் கூட்ட வேண்டியிருக்கு, அதனால சீக்கிரம் தீருது. ஜெனிஃபர் சாகறா. என் அம்மா பக்கத்து ரூம்ல தூங்கிக்கிட்டு இருக்கும்போது அந்த அத்தியாயத்தைப் படிச்சேன். எழுந்து போய் பார்த்துட்டு வந்துதான் மிச்சத்தைப் படிச்சேன்.

மூணாவது நாவலுக்கு வர்றேன். எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான். 2018-ல வந்த 'மூன் ஆஃப் தி க்ரஸ்டட் ஸ்னோ'. எழுதினவர் வாப்கெஷிக் ரைஸ், கனடாவோட ஒன்டாரியோ மாநிலத்துல வசாக்சிங்னு ஒரு பூர்வகுடிச் சமூகத்தைச் சேர்ந்தவர், பத்திரிகையாளரா இருந்தவர். அனிஷினாபே மக்கள். 2003 ஆகஸ்ட் 14 அன்னிக்கு வட அமெரிக்காவுல சுமார் 5 கோடிப் பேருக்குக் கரண்ட் போச்சே, அப்போ அவர் சொந்த ஊர்லதான் இருந்தார். கதைக்கான விதை அங்கேதான் விழுந்துச்சுன்னு சொல்லியிருக்கார். அந்த மின்தடை எப்படி ஆரம்பிச்சதுன்னா, ஓஹையோவுல மின்கம்பிகள் மரக்கிளைகள் மேல உரசினதுலேருந்து. கூடவே எச்சரிக்கை மணி அடிக்க வேண்டிய ஒரு மென்பொருள் வேலை செய்யலை. போர் இல்லை, குண்டு இல்லை. மரம் வெட்டாம விட்டது.

நாவல் நடக்கிறது வட ஒன்டாரியோவுல தூரத்துல இருக்கிற ஒரு ரிசர்வ்ல. ரிசர்வ்னா பூர்வகுடிகளுக்குன்னு அரசு ஒதுக்கின நிலம். எவான் ஒயிட்ஸ்கைங்கற இளைஞன், மனைவி நிக்கோல், ரெண்டு குழந்தைகள். முதல்ல டிவி போகுது. அப்புறம் செல்போன், அப்புறம் கரண்ட். அங்கே யாரும் பெருசா பதறலை. ஏன்னா அந்த ஊருக்குப் பெரிய மின்கம்பி வந்தே ரொம்ப நாள் ஆகலை. முன்னாடியெல்லாம் டீசல் ஜெனரேட்டர்தான், அடிக்கடி நின்னுபோறது பழக்கம். எவான் ஏற்கெனவே குளிர்காலத்துக்காக மூஸ் மானை வேட்டையாடி இறைச்சி சேர்த்து வெச்சிருக்கான். பயம் எப்போ வருதுன்னா, தெற்கேருந்து வர வேண்டிய சரக்கு லாரி வராம ஊர்க் கடை காலியாகும்போது. நகரத்துல படிக்கப் போன ரெண்டு பசங்க பனிவண்டியில தப்பிச்சு வந்து, அங்கே எல்லாமே குலைஞ்சு கிடக்குன்னு சொல்லும்போது.

கரண்ட் ஏன் போச்சுன்னு கடைசி வரைக்கும் நாவல் சொல்லவே இல்லை. சில பேர் இதைக் குறையாச் சொல்றாங்க. எனக்கு இதுதான் சரின்னு படுது. அவ்வளவு வடக்கே இருக்கிற ஊருக்குக் காரணத்தை யார் வந்து சொல்லப்போறாங்க? அவங்களுக்கு எப்பவும் முடிவு மட்டும்தான் வந்து சேர்ந்திருக்கு.

நாவலோட உயிர் ஐலீன்ங்கற பாட்டி. எவான் அவங்க வீட்டுக்கு உட்கார்ந்து பேசப் போறான். உலகம் அழியப்போகுதுன்னு இளவட்டங்க பேசிக்கறதைப் பத்திப் பாட்டி சொல்றதோட சாரம் இது: எங்க மொழியில அப்படியொரு வார்த்தையே இல்லை. எங்க உலகம் அவங்க வந்தப்போ முடிஞ்சுது. ஏரிக்கரைத் தாய்நிலத்துலேருந்து எங்களை இங்கே வடக்கே தள்ளினப்போ இன்னொரு தடவை முடிஞ்சுது. அப்புறம் எங்க குழந்தைகளைப் பிடுங்கிட்டுப் போனாங்க. ஒவ்வொரு தடவையும் நாங்க மிச்சம் இருந்தோம். அந்த இடத்துல புத்தகத்தை மூடி வெச்சுட்டேன், மேல படிக்கத் தோணலை. அதுவரைக்கும் நான் படிச்ச எல்லாக் கதையிலயும் 'உலகம்'னா யாரோட உலகம்ங்கற கேள்வியே இல்லை.

படிச்சப்போ எனக்கு யாழ்ப்பாணம் ஞாபகம் வந்துச்சு. 1990-லேருந்து பல வருஷம் அந்தக் குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடை வேற. பேட்டரி, பெட்ரோல் எல்லாம் தடைப்பட்ட பொருள். ஜாம் போத்தல்ல கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு விளக்காக்கி, அந்த வெளிச்சத்துல பரீட்சைக்குப் படிச்சாங்க. சைக்கிளைத் தலைகீழா நிறுத்திப் பெடலைக் கையால சுத்தி, டைனமோ கரண்ட்ல ரேடியோ கேட்டாங்க. மோட்டார் வண்டிகளை மண்ணெண்ணெய்ல ஓட்டினாங்க. நாம நாவல்ல படிச்சு ஆச்சரியப்படறதுல பாதியை நம்ம மொழி பேசற ஒரு ஜனம் செஞ்சு முடிச்சுட்டுதான் உட்கார்ந்திருக்கு. இதைப் பத்தித் தனியா ஒரு எபிசோடு போடணும், அங்கே வாழ்ந்தவங்களைப் பேச வெச்சு.

நாவலுக்குத் திரும்பலாம். ஊருக்கு ஒரு அந்நியன் வர்றான். ஜஸ்டின் ஸ்காட், ஆஜானுபாகுவான வெள்ளைக்காரன். தப்பிச்சு வந்த பசங்களோட பனிவண்டித் தடத்தைப் பிடிச்சே வந்து சேர்ந்திருக்கான். எனக்கு வேட்டை தெரியும், உங்களுக்கு உதவியா இருப்பேங்கறான். பிளாக் மவுண்டன் தடுப்புல கேட்கிற அதே கேள்விதான், அதே பதில்தான். வேலை தெரிஞ்ச ஆள். விடறாங்க. வந்தவனைக் குளிர்ல திருப்பி அனுப்பறது அவங்க வழக்கம் இல்லைங்கறதும் ஒரு காரணம்.

அங்கேருந்து மெதுவா அழுகல் ஆரம்பிக்குது. ஸ்காட்கிட்ட சாராயம் இருக்கு, துப்பாக்கி இருக்கு. சலிச்சுப்போன இளவட்டங்க அவன்கிட்ட ஒட்டிக்கறாங்க, எவானோட தம்பி கேம் உட்பட. அவன் வீட்டுல குடிச்சுட்டு நடந்தே வீடு திரும்பின ரெண்டு பொண்ணுங்க பனியில உறைஞ்சு செத்துப்போறாங்க. நிலம் கல்லா இறுகிக் கிடக்கிறதால புதைக்க முடியலை, சடலங்களை ஒரு கொட்டகையில அடுக்கி வெக்கிறாங்க. அப்புறம் ஒரு நாள் எண்ணிப் பார்த்தா ஒரு சடலம் குறையுது. அனிஷினாபே கதைகள்ல விண்டிகோன்னு ஒண்ணு உண்டு, குளிர்காலப் பசியில மனுஷங்களைத் தின்ன வர்ற பேய். மேல சொல்ல வேண்டியதில்லை.

அப்போ வெளியாளை விட்டதுதான் தப்பு, கதவைச் சாத்தியிருக்கணும்னு தோணுதில்லையா? எனக்கும் தோணுச்சு. ஆனா நாவல் அவ்வளவு சுலபமா விடாது. ஸ்காட்டுக்கு அப்புறம் இன்னும் சில வெளியாட்கள் அதே மாதிரி வந்து அடைக்கலம் கேட்கறாங்க, அவங்களையும் சேர்த்துக்கறாங்க. கடைசி மோதல்ல எவான் குண்டடிபட்டுக் கிடக்கும்போது ஸ்காட்டைச் சுட்டு வீழ்த்தறது அந்தக் கூட்டத்துல வந்த மேகன்ங்கற பொண்ணு. வேலை தெரிஞ்சவனான்னு கேட்டு விட்டவன் ஊரைத் தின்னான். பெருசா எதுவும் கொண்டு வராதவ காப்பாத்தினா. இதுலேருந்து ஒரு விதியை உருவாக்க முயற்சி பண்ணிப் பாருங்க. என்னால முடியலை.

இந்த ஊர்லயும் பட்டியல் இருக்கு. கடையில மிச்சம் இருந்த சரக்கைக் கணக்கெடுத்து வீட்டுக்கு வீடு பிரிச்சுக் குடுக்கறாங்க. ஆனா எவான் செய்யற இன்னொரு வேலை அதைவிட எனக்கு முக்கியமாத் தெரிஞ்சுது. விறகு ஏத்திக்கிட்டு வீடு வீடாப் போறான். வயசானவங்க வீட்டுல புகை வருதான்னு பார்க்கறான், உள்ளே போய் உட்கார்ந்து டீ குடிக்கறான். பிளாக் மவுண்டன்ல முதியவங்க முதல்ல செத்தாங்க. இங்கேயும் சாவு நிறைய நடக்குது, ஆனா ஊர் அந்தப் பாட்டிகிட்டதான் வழி கேட்கப் போகுது. நாவல் முடியும்போது நிக்கோலும் குழந்தைகளும் ரிசர்வ்வை விட்டுக் காட்டுக்குள்ள கிளம்பறாங்க. இதோட தொடர்ச்சி 2023-ல வந்துச்சு, 'மூன் ஆஃப் தி டர்னிங் லீவ்ஸ்'. பத்து வருஷத்துக்கு மேல கடந்து, அதே குடும்பத்துப் பொண்ணு வளர்ந்து, பாட்டி சொன்ன அந்த ஏரிக்கரைத் தாய்நிலத்தைத் தேடித் தெற்கே நடக்கறா. முதல் புத்தகம் அளவுக்கு இறுக்கமா இல்லைங்கறது என் கருத்து. ஆனா படிக்கலாம்.

இப்போ வர்தாவுல நடந்த இன்னொரு விஷயம்.

மூணாவது நாள். எங்க அப்பார்ட்மெண்ட் சம்ப்புல தண்ணி இருக்கு, மேல ஏத்த மோட்டார் ஓடலை. அப்புறம் சம்ப்புத் தண்ணியும் தீர்ந்துடுச்சு. அசோசியேஷன்ல காசு போட்டு ஒரு லாரி தண்ணி வரவழைச்சோம். மொத்தம் 18 ஃப்ளாட். சண்டை வரக்கூடாதுன்னு வீட்டுக்கு இத்தனை குடம்னு முடிவாச்சு. கையெழுத்து நல்லா இருக்கும்னு என்கிட்ட நோட்டைக் குடுத்தாங்க. ஃப்ளாட் நம்பர், பேரு, எத்தனை குடம், டிக். நான்தான் எழுதினேன். பொறுப்பா, ரொம்ப நேர்மையா எழுதினேன். எங்க வீட்டுக்கு ஒரு குடம்கூட அதிகம் எடுத்துக்கலை.

வரிசை பாதி போயிருக்கும். இஸ்திரி அக்கா ரெண்டு குடத்தோட வந்து கடைசியில நின்னாங்க. தெருக் கைப்பம்ப்புல சாக்கடை கலந்துடுச்சாம். எங்க செக்ரட்டரி குரலை உயர்த்தக்கூட இல்லை. "இது ஃப்ளாட்ல இருக்கிறவங்களுக்கு மட்டும்மா, நோட்டுல பேரு இருக்கணும்"ன்னார். அக்கா என்னைப் பார்த்தாங்க. நோட்டு என் கையில இருக்கு, பேனா என் கையில இருக்கு. நாலு மாடிக்கு மேல எங்க வீட்டுல அவங்க பானை, அதுக்குள்ள எங்க அம்மாவோட மருந்து.

நான் ஒண்ணும் சொல்லலை. ஏன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியலை. பயமும் இல்லை, கெட்ட எண்ணமும் இல்லை. பட்டியல்னு ஒண்ணு எழுதி முடிச்சாச்சு, அதுல ஒரு வரி சேர்க்கலாம்ங்கறதே அந்த நிமிஷம் மண்டையில வரலை. 18 ஃப்ளாட், 18 வரி. அக்கா "பரவால்ல கண்ணு"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. அம்மாகிட்ட ராத்திரி சொன்னேன். அம்மா எதுவும் பேசலை. எங்க பங்குலேருந்து ஒரு குடத்தை எடுத்துக்கிட்டு, டார்ச் வெளிச்சத்துல, முட்டி வலியோட, நாலு மாடி இறங்கினாங்க. பின்னாடியே ஓடிப்போய் நான் வாங்கிக்கிட்டேன்.

அதனாலதான் பிளாக் மவுண்டன் தடுப்புல நிக்கிறவங்களை என்னால வில்லனாப் பார்க்க முடியலை. அவங்க கையிலயும் ஒரு நோட்டு இருந்துச்சு, அவ்வளவுதான்.

படிக்க ஆரம்பிக்கிறவங்களுக்கு: முதல்ல ரைஸ் படிங்க. இருநூறு பக்கம் சொச்சம்தான், எளிமையான ஆங்கிலம். ஈஎம்பி, டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம் சுவாரசியமா இருந்தா ஃபோர்ஸ்ட்சென். பழைய எழுத்து பிடிக்கும்னா பாட் ஃபிராங்க். இந்த மாதிரி ஒரு கதையைத் தமிழ்ல யாராவது எழுதியிருந்தா எனக்கு அனுப்புங்க. புயலுக்கு அப்புறம் வாரக்கணக்குல இருட்டுல இருந்த டெல்டா பக்கத்து ஊர்க்காரங்க யாராவது கேட்டுக்கிட்டு இருந்தா, உங்க ஊர்ல தண்ணியை எப்படிப் பிரிச்சீங்க, யார் பிரிச்சாங்கன்னு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோடுல போடறேன்.

பானை இன்னும் எங்க வீட்டுலதான் இருக்கு. திருப்பிக் குடுக்கப் போனப்போ அக்கா வாங்கிக்கலை. "அம்மாவுக்கு வெய்யில் காலத்துல தேவைப்படும், வெச்சுக்கோ"ன்னாங்க.

அடுத்த வாரம் பார்க்கலாம்.